சேப்பங்கிழங்குக்குள் ஒளிந்திருந்த வண்டு மருந்து

போன மாசம் பெரியப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து பாத்ரூம் போகிறார், போய் நின்றாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. வயசு எழுபத்திரண்டு. ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்று ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். ரிசல்ட் வரும் வரை வீட்டில் ஒருத்தருக்கும் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, வெறும் வீக்கம்தான், மாத்திரை போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆனால் அந்த மூன்று நாள் காத்திருப்பில் வீட்டுக்கு வந்த ஒவ்வொருத்தரும் ஒரு பத்தியச் சாப்பாடு சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தர் தக்காளி நல்லது என்றார், இன்னொருத்தர் தக்காளியைத் தொடவே கூடாது என்றார். கடைசியாக வந்த சித்தி, "கிழங்கு வகையை முதல்ல நிறுத்துங்க, எல்லாம் அதனாலதான்" என்றார். பெரியப்பாவுக்கு சேப்பங்கிழங்கு ரோஸ்ட் உயிர். பாவம், முகம் சுருங்கிப்போனது.

சித்தி சொன்னதில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். சித்தி சொன்ன காரணத்துக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் தேடிக்கொண்டே போனதில், சேப்பங்கிழங்கும் புராஸ்டேட் கேன்சரும் ஒரே வாக்கியத்தில் வருகிற இடம் ஒன்று உலகத்தில் நிஜமாகவே இருப்பது தெரிந்தது. கரீபியக் கடலில் இருக்கிற இரண்டு பிரெஞ்சுத் தீவுகள்: குவாதலூப், மர்தினிக். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படிங்க. நான் டாக்டர் இல்லை, வரலாறு படிக்கிற ஆசை உள்ள ஆள், அவ்வளவுதான். இதை மருத்துவ ஆலோசனையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் புராஸ்டேட் பற்றி நாலு வரி. ஆண்களுக்கு மட்டும் இருக்கிற சுரப்பி. மூத்திரப்பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில், சிறுநீர்க் குழாயைச் சுற்றிப் பிடித்த மாதிரி உட்கார்ந்திருக்கும். விந்துத் திரவத்தில் ஒரு பங்கு இதிலிருந்துதான் வருகிறது. இந்தச் சுரப்பிக்கு எஜமான் ஹார்மோன். 1941-ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர், ஆண் ஹார்மோனைக் குறைத்தாலோ பெண் ஹார்மோனை (ஈஸ்ட்ரோஜன்) கொடுத்தாலோ முற்றிய புராஸ்டேட் கேன்சர்கூடச் சுருங்குகிறது என்று காட்டினார். அதற்காக 1966-ல் நோபல் பரிசும் வாங்கினார். அவர் காலத்தில் அதற்குக் கொடுத்த மருந்து டி.இ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படுகிற செயற்கை ஈஸ்ட்ரோஜன். லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் 1938-ல் செய்தது.

இதே டி.இ.எஸ்.ஸைத்தான் கரு கலையாமல் இருக்க என்று சொல்லி கர்ப்பிணிப் பெண்களுக்கு வருஷக்கணக்காகக் கொடுத்தார்கள். 1971-ல் அந்தத் தாய்மார்களின் மகள்களுக்கு இளம் வயதிலேயே அபூர்வமான ஒரு பெண்ணுறுப்புப் புற்றுநோய் வருவது தெரிந்து உலகம் அதிர்ந்தது. கிழவருக்கு மருந்தாக இருந்த அதே பொருள் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு விஷம். எவ்வளவு என்பதைப் போலவே எந்த வயதில் என்பதும் ஹார்மோன் விஷயத்தில் முக்கியம் என்று அப்போதுதான் உறைத்தது. ஹார்மோன் வேஷம் போட்டு உடம்பைக் குழப்புகிற வேதிப்பொருள்களுக்கு என்று ஒரு தனிப் பெயரே 1991-ல்தான் வந்தது. அமெரிக்காவில் விங்ஸ்பிரெட் என்ற இடத்தில் தியோ கோல்போர்ன் என்ற அம்மையார் கூட்டிய கூட்டத்தில் வைத்த பெயர் அது. தமிழில் 'ஹார்மோன் குழப்பிகள்' என்று வைத்துக்கொள்வோமே.

சாப்பாட்டுக்கு என்ன பங்கு என்கிறீர்களா? பங்கு இருக்கிறது என்பது நிச்சயம். ஜப்பானில் புராஸ்டேட் கேன்சர் குறைவாக இருந்த காலத்தில் அங்கிருந்து ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் குடிபோன ஜப்பானியர்களுக்கு அது கூடியது. ரத்தம் மாறவில்லை, தட்டும் ஊரும்தான் மாறியது. ஆனால் தட்டில் எது என்று கேட்டால்தான் சிக்கல். தக்காளி சாஸ் சாப்பிடுகிறவர்களுக்குக் குறைவு என்று 1995-ல் ஹார்வர்டு ஆட்கள் எழுதினார்கள், அதற்குப் பின் வந்த ஆய்வுகள் ஆம் என்றும் இல்லை என்றும் இழுக்கின்றன. செலினியமும் வைட்டமின் ஈ-யும் காப்பாற்றும் என்று நம்பி 35,000 பேருக்கு மேல் வைத்து ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். 2011-ல் முடிவு வந்தது: வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கேன்சர் 17 சதவீதம் அதிகம்! வீட்டுக்கு வந்து பத்தியம் சொல்கிறவர்களுக்கு இதை அச்செடுத்துக் கொடுக்கலாம் :)

சரி, இனி வாழைத் தோட்டத்துக்கு வருவோம்.

வாழை போட்ட குடும்பத்துக்காரர்களுக்குக் கிழங்குக் கூன்வண்டு தெரிந்திருக்கும். கருப்பாக, மூக்கு நீண்ட சின்ன வண்டு. மரத்தின் அடிக்கிழங்கில் முட்டை வைக்கும். புழு கிழங்கைக் குடைந்து குடைந்து ஓட்டையாக்கிவிடும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் தாருடன் மரம் சாய்ந்துவிடும். எங்கள் ஊர்ப்பக்கம் கன்று நடும்போது கிழங்கைச் சீவி, சேற்றில் முக்கி, குருணை மருந்தைத் தூவி நடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கையுறையா? அதெல்லாம் யார் கண்டது!

இந்த வண்டுக்கு எமனாக வந்ததுதான் குளோர்டெக்கோன். பத்துக் கார்பன் அணுக்களைக் கூண்டு மாதிரிக் கட்டி, அதைச் சுற்றிப் பத்து குளோரின் அணுக்களைக் காவல் வைத்த ஒரு மூலக்கூறு. அமெரிக்காவில் அலைடு கெமிக்கல் நிறுவனம் 'கெபோன்' என்ற பெயரில் விற்றது. அந்தக் கூண்டை உடைக்கிற வேலையை மண்ணில் இருக்கும் கிருமிகளும் சரியாகச் செய்யவில்லை, வெயிலும் மழையும் செய்யவில்லை. வண்டைக் கொன்றுவிட்டு அது பாட்டுக்கு மண்ணிலேயே உட்கார்ந்துவிடும். விற்பவருக்கு அதுவே பெருமை: ஒரு தடவை போட்டால் நாள்பட நிற்கும்!

இது மனுஷனை என்ன செய்யும் என்பது முதலில் தெரிந்தது அமெரிக்காவில்தான். வர்ஜீனியா மாநிலத்தில் ஹோப்வெல் என்ற சின்ன ஊர். 1974-ல் அங்கே பழைய பெட்ரோல் பங்க் கட்டடம் ஒன்றில், அலைடு கெமிக்கலில் முன்பு வேலை பார்த்த இரண்டு பேர் சேர்ந்து, அந்தக் கம்பெனிக்காகவே கெபோன் தயாரிக்க ஆரம்பித்தார்கள். உள்ளே எங்கும் வெள்ளைத் தூசி. தொழிலாளிகள் அந்தத் தூசியோடுதான் வேலை செய்தார்கள், சாப்பிட்டார்கள், வீட்டுக்கும் அதைச் சுமந்துகொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் கை நடுங்க ஆரம்பித்தது. கண் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளியது. நெஞ்சு வலி, எடை குறைவு. சிலருக்கு விந்தணு எண்ணிக்கை விழுந்துபோயிருந்தது. நரம்புத் தளர்ச்சி, குடி என்று மற்றவர்கள் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தபோது, தைவானிலிருந்து வந்து குடியேறிய யி-நான் சௌ என்ற டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. 1975 ஜூலையில் ஒரு தொழிலாளியின் ரத்தத்தை அட்லாண்டாவில் இருக்கும் மத்திய நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கு அனுப்பினார். ரத்தத்தில் கெபோன்! அந்த மாதமே தொழிற்சாலை மூடப்பட்டது. கழிவு கலந்த ஜேம்ஸ் நதியில் அந்த டிசம்பரில் மீன்பிடிக்கத் தடை வந்தது. அந்தத் தடை ஏதாவதொரு வடிவில் 1988 வரைக்கும் நீடித்தது. 1976-ல் அலைடு கெமிக்கலுக்கு நீதிமன்றம் போட்ட அபராதம் 1 கோடியே 32 லட்சம் டாலர் (பிறகு குறைக்கப்பட்டது, அது தனிக்கதை).

பாதிக்கப்பட்ட தொழிலாளிகள் பலரும் மெல்லத் தேறினார்கள் என்பதையும் சொல்லிவிடணும். உடம்புக்குள் போன குளோர்டெக்கோன் ஐந்தாறு மாசத்தில் பாதியாகக் குறைந்துவிடும். கொழுப்பைக் குறைக்கக் கொடுக்கிற கொலஸ்டிரமைன் என்ற மருந்து அதை இன்னும் வேகமாக வெளியேற்றுவதையும் அப்போதே கண்டுபிடித்தார்கள். அதாவது உள்ளே போவது நின்றால் உடம்பு கழுவிக்கொள்ளும். மண் அப்படிக் கழுவிக்கொள்வதில்லை. இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கடலுக்குத் தெற்கே. குவாதலூப், மர்தினிக் இரண்டும் பிரான்ஸின் பகுதிகள். கரும்பு விழுந்த பிறகு வாழைதான் அங்கே பிழைப்பு. தோட்டங்களில் பெரும்பகுதி 'பெக்கே' எனப்படும் பழைய வெள்ளைக்கார முதலாளிகளின் வாரிசுகள் கையில். தொழிலாளிகள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததி. கூடவே நம் ஆட்கள். ஆமாம், நம் ஆட்களேதான். 1853-ல் 'ஒரேலி' என்ற கப்பல் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து ஒப்பந்தக் கூலிகளை மர்தினிக்கில் கொண்டுபோய் இறக்கியது. அதே கப்பல் 1854 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் குவாதலூப்பிலும் இறக்கியது. முப்பது நாற்பது வருஷத்தில் குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர், மர்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர். தமிழ் பேச்சு மறைந்துவிட்டது. ஆனால் மாரியம்மன் அங்கே 'மாலியெமென்' ஆகி இருக்கிறாள், மதுரைவீரன் 'மல்தெவிலென்' ஆகி இருக்கிறார். மசாலாப் பொடிக்கும் குழம்புக்கும் அங்கே பெயர் 'கொலொம்போ'. இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிரான்ஸில் நச்சுப்பொருள் குழு குளோர்டெக்கோனை 1960களின் கடைசியில் ஏற்கவில்லை. எலிகளில் பாதிப்பு தெரிந்ததும், அது கரையாமல் தங்குவதும்தான் காரணம். ஆனாலும் 1972-ல் தற்காலிக அனுமதி கிடைத்தது. அப்போது விவசாய அமைச்சர் ஜாக் சிராக், பின்னாளில் ஜனாதிபதியாக வந்த அதே சிராக்தான். தற்காலிகம் என்ற வார்த்தைக்கு அரசாங்க ஆபீஸ்களில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

மருந்து போடுவது எப்படி? ஐந்து சதவீதம் குளோர்டெக்கோன் கலந்த வெள்ளைப் பொடி. வாளியில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மரத்தின் அடியிலும் கையால் வட்டமாகத் தூவிக்கொண்டே போக வேண்டும். பெரும்பாலும் பெண்கள். 1974 பிப்ரவரியில் மர்தினிக் வாழைத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு இந்த விஷ மருந்துகளை நிறுத்த வேண்டும் என்பதும் கோரிக்கையில் இருந்தது. வடக்கே பாஸ்-புவாந்த் ஊரில், ஷல்வே தோட்டத்தில் போலீஸ் சுட்டது. ரெனோர் இல்மானி என்ற தொழிலாளி செத்துப்போனார். இரண்டு நாள் கழித்து ஜார்ஜ் மரி-லூயி என்ற இன்னொருவரின் உடல் கடற்கரையில் கிடந்தது. பாஸ்-புவாந்த் கவிஞர் எமே செசேர் பிறந்த ஊர். தமிழ் வம்சாவளியினர் நிறைய இருக்கிற, மாரியம்மன் கோயில் இருக்கிற ஊரும் அதுதான்.

விஞ்ஞானிகள் அப்போதே இதைச் சொல்லாமல் இல்லை. ஹோப்வெல் விவகாரம் 1975-லேயே உலகத்துக்குத் தெரியும். 1977-ல் ஸ்னெகரோஃப் என்பவர் குவாதலூப் மண்ணிலும் ஆறுகளிலும் இது படிந்திருப்பதை எழுதினார். 1979-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குக் கேன்சர் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. 1980-ல் கெர்மரெக் என்பவரின் அறிக்கை, உயிரினங்களில் இது சேர்ந்துகொண்டே போகிறது என்றது. என்ன நடந்தது? 1979-ல் டேவிட் புயல், 1980-ல் ஆலன் புயல். வாழை அழிந்து, சாய்ந்த மரங்களில் வண்டு பெருகியது. முதலாளிகள் மருந்து கேட்டார்கள். அமெரிக்காவில் தயாரிப்பு நின்றுவிட்டதால், மர்தினிக்கைச் சேர்ந்த ஒரு கம்பெனி, சரக்கைப் பிரேசிலில் தயாரிக்கவைத்து, பிரான்ஸின் பெசியேயில் பொடியாக்கி, 'கூர்லோன்' என்ற புதுப் பெயரில் 1981-லிருந்து விற்றது. அனுமதியும் கிடைத்தது.

1990-ல்தான் பிரான்ஸ் தடை செய்தது. அதிலும் தீவுகளுக்கு மட்டும் கையிருப்பு தீரட்டும் என்று 1993 வரை விலக்கு. 1972-லிருந்து அதுவரை மொத்தம் சுமார் 300 டன் குளோர்டெக்கோன் அந்தச் சின்னத் தீவுகளின் மண்ணில் இறங்கியிருக்கும் என்பது கணக்கு. மண்வகையைப் பொறுத்து அது கழுவிப்போக அறுபது வருஷத்திலிருந்து அறுநூறு எழுநூறு வருஷம் வரை ஆகும் என்கிறார்கள். எரிமலைச் சாம்பல் மண்தான் மோசம், இறுகப் பிடித்துக்கொள்கிறது. வாழை நன்றாக விளைவதும் அந்த மண்ணில்தான்.

தடை வந்த பிறகு ஊர் மறந்துவிட்டது. 1999-ல் குவாதலூப்பின் தெற்கே, எரிமலை அடிவாரத்து ஊற்றுகளில் தண்ணீரைச் சோதித்தபோது மறுபடி வெளியே வந்தது. காப்ஸ்தேர்-பெல்-ஓ என்பது அந்தப் பக்கத்து ஊர்களில் ஒன்றின் பெயர். பெல்-ஓ என்றால் அழகிய நீர்! அவசரமாகக் கரி வடிகட்டிகள் வைத்துக் குடிதண்ணீரைச் சரி செய்தார்கள். 2002-ல் மர்தினிக்கிலிருந்து போன ஒன்றரை டன் சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் பிரான்ஸின் டன்கிர்க் துறைமுகத்தில் பிடித்து நிறுத்தினார்கள். பாரிஸ்காரன் தட்டுக்குப் போகும் கிழங்கில் விஷம் என்றதும்தான் பத்திரிகைகளுக்கு விழிப்பு வந்தது. அதே கிழங்கைத் தீவு ஜனங்கள் பல வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இங்கேதான் சாப்பாட்டு விஷயம் வருகிறது. மருந்து போட்டது வாழைக்கு. ஆனால் வாழைப்பழத்தில் அது இல்லை! மண்ணிலிருந்து உயரமாகத் தொங்கும் காய்கனிகளுக்கு அது ஏறுவதில்லை. மண்ணுக்குள்ளேயே புதைந்து, தோலால் மண்ணைத் தொட்டுக்கொண்டு வளர்கிற கிழங்குகள்தான் இழுத்துக்கொள்கின்றன: சேப்பங்கிழங்கு, வள்ளிக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, கேரட். பிறகு மண்ணைக் கிளறித் தின்னும் வீட்டுக் கோழியின் முட்டை, மேய்ச்சல் மாடு. மழை மண்ணை அடித்துக்கொண்டு ஆற்றில் சேர்க்க, ஆற்று இறால், கரையோர மீன், சிங்கிறால். ஏற்றுமதியான பழம் சுத்தம், உள்ளூர்க்காரன் கொல்லையில் விளைந்தது விஷம்.

அந்தத் தீவுகளில் ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் 'கிரியோல் தோட்டம்' உண்டு. நாலு வள்ளிக்கொடி, கொஞ்சம் சேம்பு, மிளகாய், மூலிகை, ரெண்டு கோழி. கடைச் சரக்கை நம்பாதே, வீட்டில் விளைந்ததைச் சாப்பிடு, ஆறு தந்த மீனைச் சாப்பிடு. எந்த ஊர்ப் பாட்டியும் சொல்லக்கூடிய நல்ல அறிவுரைதான் இது. பழைய வாழை நிலத்தில் வீடு கட்டிக்கொண்ட ஏழைக்கு அந்த அறிவுரையே எதிரியாகிவிட்டது. சூப்பர்மார்க்கெட்டில் கப்பலில் வந்த காயை வாங்கித் தின்ன வசதி இருந்தவன் தப்பித்தான். இந்த விஷயத்தில் என் கோபம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

2007-ல் மக்களுக்கு ஒரு அறிவுரை வந்தது. விஷம் இருக்கிற பகுதியில் கொல்லைக் கிழங்கை வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் சாப்பிடாதே, நன்றாகக் கழுவு, தோலைத் தடிமனாகச் சீவு. 2008-லிருந்து கடையில் விற்கும் உணவுக்கு ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்று வரம்பு. பல இடங்களில் ஆற்றிலும் கரையோரக் கடலிலும் மீன்பிடிக்கத் தடை. மீனவனுக்கு என்ன ஆகும் யோசியுங்கள். ஜேம்ஸ் நதி மீனவனுக்குப் பதிமூன்று வருஷம். இவனுக்கு எத்தனை தலைமுறை?

இனிப் புராஸ்டேட். குவாதலூப், மர்தினிக் இரண்டிலும் புராஸ்டேட் கேன்சர் உலகத்திலேயே மிக அதிகமாகப் பதிவாகும் இடங்களில் ஒன்று. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு மருந்தைக் குற்றம் சொல்லிவிட முடியாது. ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு எங்கே இருந்தாலும் இந்தக் கேன்சர் கூடுதல்தான், மருந்தே போடாத ஊர்களிலும். டெஸ்ட் அதிகம் எடுத்தால் கண்டுபிடிப்பதும் அதிகம் ஆகும். 2007-ல் பெல்போம் என்ற புற்றுநோய் டாக்டர் தீவுகள் விஷமாகிவிட்டன, பேரழிவு என்று அறிக்கை விட்டபோது, ஆதாரம் எங்கே என்று மற்ற விஞ்ஞானிகள் கேட்டதில் நியாயம் இருந்தது.

ஆதாரத்தைத் தேடிப் போனவர்கள் இரண்டு பேர் தலைமையிலான குழு: பிரான்ஸின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான இன்செர்மைச் சேர்ந்த லுக் முல்தினியே, புவாந்த்-ஆ-பித்ர் பல்கலைக்கழக மருத்துவமனையின் சிறுநீரகவியல் டாக்டர் பாஸ்கல் பிளான்ஷே. ஆய்வுக்குப் பெயர் 'கருப்ராஸ்டேட்'. நம் 'கரு' இல்லை, குவாதலூப்பின் பழங்குடிப் பெயரான கருக்கெரா. புதிதாகப் புராஸ்டேட் கேன்சர் கண்டுபிடிக்கப்பட்ட 623 பேர், கேன்சர் இல்லாத 671 பேர், எல்லோரும் அதே ஊர்க்காரர்கள், அதே மாதிரி வம்சாவளி. ரத்தத்தில் குளோர்டெக்கோன் எவ்வளவு என்று அளந்தார்கள். 2010-ல் வெளியான முடிவு இது: மிக அதிகம் இருந்தவர்களுக்கு, அளவிடவே முடியாத அளவு குறைவாக இருந்தவர்களைவிட, கேன்சர் வாய்ப்பு சுமார் 1.8 மடங்கு. குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது இந்தக் கேன்சர் இருந்தால் தொடர்பு இன்னும் பலமாகத் தெரிந்தது. கொஞ்ச காலம் மேலை நாட்டில் வாழ்ந்து திரும்பியவர்களிடமும் அப்படியே. அங்கத்திய சாப்பாடா, வேறு ரசாயனங்களா, எது கூட்டுச் சேர்ந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஹவாய் ஜப்பானியர் எனக்கு மறுபடி ஞாபகத்துக்கு வந்தார்கள்.

அதே குழுவினர் 2020-ல் இன்னொன்றும் வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்து புராஸ்டேட்டை எடுத்த பிறகும், ரத்தத்தில் இந்த மருந்து அதிகம் இருந்தவர்களுக்கு நோய் திரும்பி வரும் அறிகுறி அதிகம்.

'ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் புராஸ்டேட் கேன்சர் சுருங்கும் என்று ஹக்கின்ஸ் சொன்னாரே, குளோர்டெக்கோனும் ஈஸ்ட்ரோஜன் வேஷம் போடுவதுதானே, அப்புறம் எப்படிக் கேன்சரை வளர்க்கும்?' நல்ல கேள்வி, எனக்கும் வந்தது. ஹக்கின்ஸ் கொடுத்தது ஆண் ஹார்மோனையே அடக்கிவிடும் பெரிய அளவு, அதுவும் நோய் முற்றிய பிறகு. இங்கே துளித்துளியாக, பிறந்ததிலிருந்து. தவிர ஈஸ்ட்ரோஜனுக்கு உடம்பில் ஆல்பா, பீட்டா என்று இரண்டு பூட்டுகள். குளோர்டெக்கோன் ஆல்பாவைத் திறக்கிறது, பீட்டாவை அடைக்கிறது. புராஸ்டேட்டில் பீட்டா காவல்காரன் மாதிரி, வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிற பக்கம் என்று கருதுகிறார்கள். எலிக்குட்டிகளுக்குப் பிறந்த சில நாட்களில் துளி ஈஸ்ட்ரோஜனோ, பிளாஸ்டிக்கில் வரும் பிஸ்பீனால்-ஏவோ கொடுத்தால், அவை வயதான பிறகு புராஸ்டேட்டில் கேன்சருக்கு முந்தைய மாற்றங்கள் கூடுவதைக் கெயில் பிரின்ஸ் குழுவினர் 2006-ல் காட்டியிருக்கிறார்கள். எலியில் பார்த்தது மனுஷனுக்கு அப்படியே பொருந்தணும் என்றில்லை, ஆனால் டி.இ.எஸ். சொன்ன பாடத்தோடு ஒத்துப்போகிறது.

2013-14ல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் குவாதலூப்பில் 95 சதவீதம், மர்தினிக்கில் 92 சதவீதம் பெரியவர்களின் ரத்தத்தில் குளோர்டெக்கோன் இருந்தது. தடை வந்து இருபது வருஷம் கழித்து!

கோர்ட்டுக் கதை இன்னும் வயிற்றெரிச்சல். 2006-ல் புகார் கொடுத்தார்கள். மர்தினிக்கிலும் இதே மாதிரி ஆய்வு நடத்தத் தொடங்கியதற்கு 2014-ல் பணம் நிறுத்தப்பட்டது. 2018-ல் ஜனாதிபதி மக்ரோன் மர்தினிக்கில் வந்து நின்று, இது சுற்றுச்சூழல் அவக்கேடு, அரசு பொறுப்பேற்கணும் என்றார். நாலைந்து மாசத்தில் பாரிஸில், கேன்சர் வரும் என்றெல்லாம் சொல்லக்கூடாது என்று பேசி, மறுபடி விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. 2019-ல் நாடாளுமன்ற விசாரணைக் குழு, முதல் குற்றவாளி அரசாங்கமே என்றது. அந்தக் குழுவின் தலைவர் மர்தினிக் உறுப்பினர் செர்ஜ் லெச்சிமி. அந்தப் பெயர் என் காதில் விழும்போதெல்லாம் லெட்சுமி என்றுதான் கேட்கிறது.

2021 டிசம்பரில், பூச்சிமருந்தோடு வேலை செய்த விவசாயத் தொழிலாளிக்கு வரும் புராஸ்டேட் கேன்சரைத் தொழில்சார் நோய் என்று பிரான்ஸ் ஒப்புக்கொண்டது. பத்து வருஷமாவது அந்த வேலை செய்திருக்க வேண்டும், வேலையை விட்டு நாற்பது வருஷத்துக்குள் நோய் வந்திருக்க வேண்டும். கையால் பொடி தூவிய பெண்களுக்குப் புராஸ்டேட் கிடையாது என்பதை யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

2023 ஜனவரி 2-ம் தேதி, பாரிஸ் நீதிபதிகள் கிரிமினல் வழக்கை மூடினார்கள். இது ஒரு சுகாதார அவலம் என்று எழுதிவிட்டு, ஆனால் இத்தனை வருஷம் கழித்து யார் மீதும் நிரூபிக்க முடியாது என்று முடித்தார்கள். 2024 பிப்ரவரியில் கீழ்சபை அரசின் பொறுப்பை ஏற்கும் மசோதாவுக்கு ஓட்டுப் போட்டது. 2025 மார்ச்சில் பாரிஸ் நிர்வாக மேல்முறையீட்டு நீதிமன்றம், அனுமதி கொடுத்ததில் அரசு தவறு செய்தது, எனக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தோடு வாழ வேண்டியதை நிரூபிக்கிறவர்களுக்கு நஷ்டஈடு தரணும் என்று தீர்ப்பு சொன்னது. பெரியப்பாவின் ரிசல்ட்டுக்குக் காத்திருந்த அந்த மூன்று நாளை நினைத்துக்கொண்டேன். அந்தத் தீவுகளில் அது மூன்று நாளில் முடிகிற விஷயம் இல்லை.

2021-லிருந்து தீவுக்காரர்கள் இலவசமாக ரத்தத்தைச் சோதித்துக்கொள்ளலாம். கொல்லை மண்ணையும் இலவசமாகச் சோதித்துக் கொடுக்கிறார்கள். விஷ மண் என்றால் கிழங்கை விட்டுவிடு, வாழை வை, மரத்தில் காய்ப்பதை வை, கோழியைத் தரையில் விடாதே என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மண் சுத்தமாக இருந்தால் சேம்பு நடலாம், கொலொம்போவில் போடலாம்.

இங்கே, பெரியப்பா மாத்திரை ஆரம்பித்துவிட்டார். ராத்திரி இப்போது இரண்டு தடவைதான் எழுந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சேப்பங்கிழங்கு ரோஸ்ட் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மார்க்கெட்டில் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த ஊர் மண்ணில் விளைந்தது என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "லோடு வண்டில வருது தம்பி, எந்த ஊருன்னு யாரு பாத்தா? அரைக் கிலோவா, ஒரு கிலோவா?"

அரைக் கிலோ வாங்கினேன். தோலைக் கொஞ்சம் தடிமனாகவே சீவச் சொன்னேன்.